ஜெபக்குறிப்பில் எழுதாத பெயர்

1

போன சனிக்கிழமை அந்தத் தாள் என் கைக்கு வந்தது. எதுவும் எழுதாமல் பக்கத்திலிருந்தவரிடம் தள்ளிவிட்டேன். இந்தக் குறிப்புகளை எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் அவ்வளவுதான்.

அது என்ன தாள் என்று சொல்லிவிடுகிறேன். ஸ்காட்லாந்தில் அபர்டீன் என்கிற இந்தக் கருங்கல் ஊரில் பத்துப் பன்னிரண்டு தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பங்கள் இருக்கிறோம். மாதத்தின் முதல் சனிக்கிழமை யாராவது ஒருவர் வீட்டில் கூடுவோம். பாட்டு, வசனம், கடைசியில் கோழிக்குழம்பு. நடுவில் ஒரு கோடு போட்ட தாள் சுற்றி வரும். யாருக்காக, எதற்காக ஜெபிக்க வேண்டுமோ அதை எழுத வேண்டும். ஜெபக்குறிப்பு என்று பெயர். விசா நீட்டிப்பு, ஊரில் அம்மாவுக்குச் சர்க்கரை, நாலாவது முறையாக டிரைவிங் டெஸ்ட் என்று வரிசையாக இருக்கும். எழுதியதை ஒருவர் சத்தமாக வாசிப்பார். மற்றவர்கள் கண்ணை மூடிக்கொள்வோம்.

அன்றைக்குக் கூடியது செல்வி அக்கா வீட்டில். பாளையங்கோட்டைக்காரர். யாரையும் சும்மா விடமாட்டார், ஆனால் யாருக்குக் காய்ச்சல் என்றாலும் முதல் ரசம் அவர் வீட்டிலிருந்துதான் போகும்.

"என்னட்டி எஸ்தர், உன்கூட இருக்க பிள்ளை இன்னைக்கும் வரலியே. போன மாசமும் வரல. மேலுக்குச் சுகமில்லையா?"

"தெரியலக்கா."

"ஒரே வீட்டுல இருந்துகிட்டு தெரியலங்க. பேரையாவது எழுது. என்னன்னு ஆண்டவருக்குத் தெரியும்."

"அவருக்குத் தெரியும்னா நான் எதுக்குக்கா எழுதணும்?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அப்போது மாடியிலிருந்து செல்வி அக்காவின் எட்டு வயது மகள் இறங்கி வந்து, "அம்மா, நீ மறுபடியும் தட்டாம என் ரூமுக்குள்ள வந்திருக்க" என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டுப் போனாள். அவள் கதவில் 'தட்டிவிட்டு வரவும்' என்று கிரேயான் எழுத்தில் ஒரு அட்டை தொங்குகிறதாம். "பெத்தவ தட்டணுமாம்ல" என்று செல்வி அக்கா எங்களைப் பார்த்தார். முகத்தில் சிரிப்பு கொஞ்சம் கழித்துத்தான் வந்தது.

நான் சொன்னது பொய். என்னோடு தங்கியிருக்கிற ஷீபாவுக்கு ஏதோ பிரச்சினை என்று எனக்குத் தெரியும். மார்த்தாண்டத்துப் பெண், இருபத்துமூன்று வயது. என்னைப் போலவே நர்ஸ். வந்து எட்டு மாதம். இரண்டு அறை, ஒரு சமையல்கட்டு. நடுவில் இருப்பது அட்டைச் சுவர். மூன்று வாரமாக அவள் டியூட்டி முடிந்து வந்ததும் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுகிறாள். யாரும் கை நனைக்காத தண்ணீர் விழுகிற சத்தம் தனி. அது எனக்குத் தெரியும். மூன்று வாரமாக நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்காமல் இருப்பதைப் பற்றி எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

ஏன் என்று சொல்ல வேண்டுமானால் ஆறு வருஷம் பின்னால் போக வேண்டும்.

2

பெரிய காஞ்சிபுரத்தில் நாங்கள் குடியிருந்தது நெசவாளர் தெருவின் கடைசி வீடு. அப்பா பஸ் கண்டக்டர், அம்மா பள்ளிக்கூட டீச்சர். அப்பாவின் பெற்றோர் முசரவாக்கத்தில் பிறர் நிலத்தில் கூலிக்கு நடவு நட்டவர்கள். அந்தத் தெருவில் வீடு கிடைத்தது அப்பாவின் சீருடைக்காக என்று அம்மா சொல்வார். வாடகைக்குக் கொடுத்தார்கள், பேசினார்கள், பண்டிகைக்குத் தட்டு வந்தது. ஆனால் எங்கள் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்து தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்த முதல் ஆள் பக்கத்து வீட்டுப் பெண். அவளைச் சுகந்தி என்று வைத்துக்கொள்வோம்.

எங்கள் கூடத்துக்கும் அவர்கள் தறிக்கும் நடுவே ஒரே சுவர். காலை ஆறரைக்குத் தறி ஆரம்பித்தால் எங்கள் சுவரில் மாட்டியிருந்த வசனக் காலண்டர் மெல்ல ஆடும். புடவையின் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம் என்றால் ஒரு தறிக்கு இரண்டு ஆள் வேண்டும். குறுக்கே நூலைக் கொண்டுபோகிற பெரிய நாடாவை அவள் அப்பா ஓட்டுவார். பக்கத்தில் உட்கார்ந்து கரை நாடாவை இவள் தள்ளுவாள்.

"நாள் முழுக்க அப்பாகூட ஒட்டிக்கினு உக்காந்திருக்கியே, சண்டையே வராதா?" என்று ஒருமுறை கேட்டேன்.

"அவரு மூஞ்சிய நான் பாக்கறதேயில்லையே. அவரும் நூலதான் பாக்கறாரு, நானும் நூலதான் பாக்கறேன். அப்புறம் எங்க சண்டை?" என்றாள். "உங்க வீட்லதான் எல்லாரும் எல்லார் மூஞ்சியவும் பாத்துக்கினே இருக்கீங்க. அதான் எப்பப் பாரு சத்தம்."

அவள் அப்படித்தான் பேசுவாள்.

நான் வேலூர்ப் பக்கம் நர்ஸிங் படித்துக்கொண்டிருந்தேன். மூன்றாம் வருஷம். விடுமுறைக்கு வந்தால் எங்கள் சபையின் வாலிபர் சங்கத்துக்கு நான்தான் செயலாளர். பாட்டுப் போட்டி, கிராமத்து மருத்துவ முகாம், கலர் பேனாவில் எழுதிய ஜெபக்குறிப்பு அட்டை, எல்லாம் என் வேலை. எதையும் பாதியாகச் செய்ய எனக்கு வராது. அப்போதும் வராது, இப்போதும் வராது. அதுதான் பிரச்சினை.

அந்த டிசம்பரில் சுகந்திக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளை வாலாஜாபாத்தில் ஒரு அரிசி மில்லில் சூப்பர்வைசர். தை மாதம் முகூர்த்தம். ஊருக்கெல்லாம் புடவை நெய்த அவள் அப்பா முதல் முறையாகத் தன் வீட்டுக்கென்று தறியில் ஒரு புடவை போட்டிருந்தார். அரக்கு உடல், கிளிப்பச்சைக் கரை. தன் கல்யாணப் புடவைக்குத் தானே கரை நாடா தள்ளிக்கொண்டிருந்தாள் அவள்.

ஒரு மத்தியானம் மாடியில் துணி காயப்போட வந்தவள் என் கையில் ஒரு மாத்திரை அட்டையைக் கொடுத்தாள்.

"நீ நர்ஸுக்குதானே படிக்கிற. இத சாப்டுக்கினே கொழந்தை பெத்துக்கலாமா?"

வலிப்புக்கான மாத்திரை. ஒன்பதாம் வகுப்பில் இரண்டு முறை வந்ததாம். அதன்பிறகு ஒருமுறைகூட வரவில்லை. மெட்ராஸ் டாக்டர் நிறுத்தாதே என்று சொல்லியிருக்கிறார். மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரியாது. "அவருகிட்ட நானே சொல்லிக்குவேன். எப்படி சொல்லணும்னு யோசிச்சிக்கினு இருக்கேன்" என்றாள். "யார்கிட்டயும் சொல்லிடாதே எஸ்தர்."

"சத்தியமா" என்றேன்.

அடுத்த வெள்ளி எங்கள் சபையில் உபவாச ஜெபம். காலையிலிருந்து சாப்பிடாமல் ஐம்பது அறுபது பேர். ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே பாட்டு ஏறிக்கொண்டே போனது. ஜெபக்குறிப்பு நேரத்தில் மைக் என் கையில் இருந்தது. என் நெஞ்சு முழுக்க அவள்தான். சொன்னேன். பெயர் சொல்லி, வியாதி சொல்லி, தை மாதக் கல்யாணத்தையும் சொன்னேன். அழுதுகொண்டே சொன்னேன். எல்லோரும் அழுதார்கள். அன்றைக்கு மாதிரி ஒரு ஜெபம் அந்தச் சபையில் நடந்ததில்லை என்று போதகர் என் தலைமேல் கைவைத்தார்.

கடவுளிடம் சொல்வது யாரிடமும் சொல்வது ஆகாது என்று நினைத்தேன். மைக் பிடித்துச் சொன்னேன் என்பது எனக்குத் தோன்றவே இல்லை.

அந்த அறுபது பேரில் வாலாஜாபாத்திலிருந்து பஸ் ஏறி வந்த ரூத்தம்மா என்கிற தையல்கார அம்மாவும் ஒருவர். நல்ல மனுஷி. மாப்பிள்ளை வீட்டுக்கு ரவிக்கை தைப்பவர். நாலைந்து நாள் கழித்து அளவு ரவிக்கை வாங்கப் போன இடத்தில், மாப்பிள்ளையின் அம்மாவிடம் நலம் விசாரித்திருக்கிறார். "மருமவளுக்கு இப்ப தேவலையாமா? வலிப்பு நின்னுச்சா? கவலப்படாதீங்க, சபையில அத்தினி பேரும் ஜெபம் பண்ணிக்கினுதான் இருக்கோம்."

கெட்ட எண்ணம் ஒருவரிடமும் இல்லை. இப்போது நினைத்தாலும் அதுதான் தாங்கவில்லை.

மாப்பிள்ளை வீட்டார் சண்டைக்கு வரவில்லை. ஜாதகத்தை மறுபடி பார்த்தோம் என்று ஆள் அனுப்பினார்கள். உண்மைக் காரணம் அந்த ஆள் வாயாலேயே வெளிவந்துவிட்டது. அடுத்த நாள் காலை ஆறரைக்கு எங்கள் காலண்டர் ஆடவில்லை.

மத்தியானம் சுகந்தியின் அம்மா வந்தார். எங்கள் வாசற்படிக்கு வெளியேயே நின்றார்.

"உன்கிட்ட மட்டும்தான் சொன்னாளாம். அப்படியா?"

"ஆமா அத்தை."

"சரிமா" என்றார். திரும்பிப் போய்விட்டார்.

நான்கு நாள் தறி ஓடவில்லை. ஐந்தாம் நாள் ஓடியது. பாதியில் நின்ற அதே புடவைதான். முடித்து, கடைக்காரருக்குக் கொடுத்துவிட்டார்கள். கரை நாடாவைத் தள்ளியதும் அவள்தான். சுவருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து கடைசி வரைக்கும் கேட்டேன்.

ஒரு வாரம் கழித்து மாடியில் அவளைப் பிடித்தேன். ஏதேதோ சொன்னேன். அவள் கொடியிலிருந்து கிளிப்புகளை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டிருந்தாள்.

"நீ நல்லதுக்குதான் பண்ண. அதனாலதான் உன்ன திட்டக்கூட முடில" என்றாள். பிறகு, "ஜெபம் பண்ணியிருக்கலாம். வாய மூடிக்கினு பண்ணியிருக்கலாம்."

அதன்பின் அவள் என்னோடு பேசாமல் இருந்ததில்லை. எப்போது பார்த்தாலும் "நல்லா இருக்கியா" என்பாள். சிரிப்பாள். எங்கள் வீட்டுக்குள் மட்டும் வரவே இல்லை.

3

இங்கே வந்த புதிதில் என் வாயால் இன்னொரு தவறு நடந்தது. வார்டில் ஒரு வயதான அம்மா. நான் வேலைக்குச் சேர்ந்து இரண்டு வாரம். நம் ஊர் வழக்கத்தில், "உங்க பையன் ஏன் பாக்க வரல?" என்று அன்பாகக் கேட்டேன். அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். பொறுப்பு நர்ஸ் என்னைத் தனியே அழைத்துப் போய், "மிஸ் சாமுவேல், அது உங்கள் வேலை இல்லை" என்றார். சாமுவேல் என் அப்பா. பாஸ்போர்ட்டில் இனிஷியலை விரித்து எழுதியதில் அவர் பெயர் என் குடும்பப் பெயராகிவிட்டது. திட்டு வாங்கும்போதெல்லாம் காஞ்சிபுரம் டெப்போவில் இருக்கிற அப்பாவைத் திட்டுவது போலவே இருக்கும்.

பிறகு ரகசியம் காப்பது பற்றி ஒரு நாள் பயிற்சி வைத்தார்கள். லிஃப்டில் நோயாளியின் பெயர் சொல்லக்கூடாது. கட்டிலைச் சுற்றித் திரை இழுத்துவிட்டால் மட்டும் போதாது, திரைக்குக் காது கிடையாது என்று நினைக்காதீர்கள் என்றார்கள். மற்றவர்கள் கொட்டாவி விட்டார்கள். நான் ஒரு வார்த்தை விடாமல் எழுதிக்கொண்டேன். மூன்றாம் வருஷ டிசம்பரில் இந்த வகுப்பு எனக்கு நடந்திருக்க வேண்டும்.

அன்றிலிருந்து எனக்கு அது ஒரு வெறியாகிவிட்டது. வேதத்தையும் அந்தக் கண்ணோடு படித்தேன். ஜெபிக்க வேண்டுமானால் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள் என்று இயேசு சொல்வதைச் சின்ன வயதிலிருந்து ஆயிரம் முறை கேட்டிருக்கிறேன். பெருமைக்காக ஜெபிக்காதே என்றுதான் அதற்குப் பொருள் சொல்லித் தந்தார்கள். அந்தக் கதவு இன்னொருவருடைய மானத்தையும் உள்ளே வைத்துக் காக்கும் என்று யாரும் சொல்லவில்லை. ஜனங்கள் தேடிக்கொண்டிருக்கும்போதே அவர் தனியே மலைக்குப் போய்விடுகிறார்; அதையும் குறித்துக்கொண்டேன். சபைக்கு எழுதிய ஒரு நிருபத்தில் அவனவன் தன் சுமையைத் தானே சுமப்பான் என்று வருகிறது. அதன் கீழே சிவப்புக் கோடு போட்டேன்.

அதே பக்கத்தில் மூன்று வரி மேலே, ஒருவர் பாரத்தை ஒருவர் சுமக்கச் சொல்லியிருக்கிறது. அதற்குக் கோடு போடவில்லை. முரண்பாடாக இருக்கிறதே என்று தாண்டிப் போய்விட்டேன்.

அப்படி ஆன ஆளாகத்தான் நான் ஷீபாவோடு குடிவந்தேன். அவளுக்கு வரும் கடிதத்தைக் கவிழ்த்து வைப்பேன். போன் வந்தால் சமையல்கட்டை விட்டு வெளியே போய்விடுவேன். அவள் அழுதால் என் அறையில் ரேடியோவைக் கொஞ்சம் சத்தமாக வைப்பேன், எனக்குக் கேட்கவில்லை என்று அவள் நினைத்துக்கொள்ளட்டும் என்று.

இதில் இன்னொன்றும் உண்டு. யாராவது காஞ்சிபுரப் பட்டு கட்டி வந்தால் நான் முதலில் பார்ப்பது கரையைத்தான். எங்கேயோ யாரோ அந்தப் புடவையைக் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். சபையில், கல்யாண ஆல்பங்களில், விமான நிலையத்தில்கூட என் கண் தேடும்.

4

சனிக்கிழமை தாளைத் தள்ளிவிட்டு வீடு திரும்பினேன். ஞாயிறு மூன்றரை மணிக்கே இருட்டிவிட்டது. டிசம்பரில் இங்கே அப்படித்தான். குழாய்ச் சத்தம் ஆரம்பித்தது. கொஞ்ச நேரத்தில் நின்றது. அவள் தன் அறைக்குள் போனாள்.

அப்போது நான் வாசித்துக்கொண்டிருந்தது வேதத்தில் வரும் குளத்தங்கரைக் கதை. முப்பத்தெட்டு வருஷமாகப் படுத்துக்கிடக்கிற மனிதன். பார்த்தாலே தெரியும் என்ன வேண்டுமென்று. இருந்தும் இயேசு அவனிடம் கேட்கிறார், சுகமாக உனக்கு விருப்பமா என்று. எத்தனையோ பிரசங்கத்தில் கேட்ட கதைதான். அன்றைக்குத்தான் உறைத்தது. நான் சுகந்தியிடம் கேட்கவில்லை. அவளுக்கு என்ன வேண்டும் என்று நானே முடிவு செய்தேன். ஷீபாவிடமும் கேட்கவில்லை; அவளுக்கு எதுவும் வேண்டாம் என்று நானே முடிவு செய்திருந்தேன். இரண்டும் ஒன்றுதான்.

எழுந்து போய் அவள் கதவைத் தட்டினேன். எட்டு மாதத்தில் முதல் முறை.

"பூட்டலைக்கா" என்று குரல் வந்தது.

கட்டிலில் கோட்டுகூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தாள். நான் நிலைப்படியிலேயே நின்றேன்.

"ஷீபா, நான் எதையும் தெரிஞ்சிக்க வரலை. உனக்கு நான் ஏதாவது செய்யணுமா? வேணாம்னா வேணாம்னு சொல்லு, போயிடறேன்."

"சும்மா உக்காருங்கக்கா" என்றாள். பிறகு, "ஜெபம் மட்டும் இப்ப பண்ணாதீங்க."

உட்கார்ந்தேன். வேதத்தில், எல்லாவற்றையும் இழந்த யோபுவைப் பார்க்க வந்த நண்பர்கள் ஏழு நாள் ஒன்றும் பேசாமல் அவனோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் செய்ததிலேயே உருப்படியானது அதுதான். வாயைத் திறந்த பிறகுதான் எல்லாம் கெட்டது. எனக்கு ஏழு நாள் ஆகவில்லை. ஒரு மணி நேரம் போல. ரேடியேட்டர் டொக் டொக்கென்று சூடேறியது.

"உங்களுக்குக் கேக்கும்னு எனக்குத் தெரியும்க்கா" என்றாள். "ரேடியோ போடுவீங்கல்ல. அதான், உங்களுக்கு என்னப் பிடிக்கலைன்னு நெனச்சேன்."

இன்னும் கொஞ்சம் பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்தேன்.

பிறகு அவளாகவே சொன்னாள். என்ன சொன்னாள் என்பதை இங்கே எழுதமாட்டேன். செல்வி அக்காவிடமும் சொல்லவில்லை. இதை அவர் வாசித்தால் கோபித்துக்கொள்வார், பரவாயில்லை.

செவ்வாய்க்கிழமை ஷீபா ஆஸ்பத்திரியில் தந்த ஒரு படிவத்தோடு வந்தாள். அவசரம் என்றால் யாருக்குச் சொல்ல வேண்டும் என்று ஒரு கட்டம். மார்த்தாண்டத்து நம்பர் போட்டால், உள்ளூரில் ஒரு ஆள் வேண்டும் என்று திருப்பி அனுப்பிவிட்டார்களாம். அதற்குப் பக்கத்தில் 'உறவு' என்று இன்னொரு கட்டம்.

"உங்க பேரப் போடட்டுமாக்கா?"

"போடு."

"உறவுன்னு என்னக்கா போட?"

இரண்டு பேரும் யோசித்தோம். கடைசியில் 'பக்கத்து அறை' என்று எழுதினாள். அதையும் திருப்பி அனுப்புவார்கள் என்று நினைக்கிறேன்.

5

ஊர்ப் பத்திரிகை ஒன்றுக்கு அனுப்பலாம் என்று இதுவரை எழுதிவிட்டுப் படித்துப் பார்த்தேன். மறுபடியும் அதையேதான் செய்திருந்தேன். அன்றைக்கு மைக், இன்றைக்குப் பத்திரிகை. அறுபது பேருக்குப் பதிலாக எத்தனை பேரோ.

அம்மாவிடம் நம்பர் வாங்கினேன். எந்த ஊர் நம்பர் என்று சொல்லப்போவதில்லை. மூலைக் கடையில் ஒரு போன் கார்டு வாங்கிச் சுரண்டி, அந்த நீள எண்ணை இரண்டு முறை தப்பாக அடித்து, மூன்றாம் முறை கிடைத்தது.

"யாரு?"

"எஸ்தர் பேசறேன்."

கார்டில் நிமிஷங்கள் ஓடிக்கொண்டிருந்தன.

"இன்னா திடீர்னு?"

"அன்னிக்கு நான் பண்ணத எழுதியிருக்கேன். நம்மூர்ப் பத்திரிகை ஒன்னுக்கு. அனுப்பலாமான்னு உன்ன கேக்கணும். நீ வேணாம்னா கிழிச்சிடறேன்."

"அன்னிக்கு கேக்கல."

"ஆமா. கேக்கல."

"இப்ப எதுக்கு எழுதற?"

"இங்க ஒரு பொண்ணு பக்கத்து ரூம்ல அழுதுக்கினு இருந்தா. உன்னால நான் மூணு வாரம் கதவ தட்டல."

"என்னாலயா?" என்றாள். "அதுக்கும் எம் பேரா? நீ தட்டாததுக்கு நீதான். என்மேல போடாதே."

சரி என்றேன். அவனவன் சுமை என்று நான் சிவப்புக் கோடு போட்டது இதைத்தான் போலிருக்கிறது.

"படி" என்றாள். போனிலேயே அவளைப் பற்றிய பகுதியைப் படித்தேன். நடுவில் ஒரே இடத்தில்தான் குறுக்கிட்டாள். "கிளிப்பு எடுத்துக்கினு இருந்தனா? ஞாபகமே இல்லையே எனக்கு."

முடித்ததும் கேட்டேன், "வியாதிய வேற ஏதாவதா மாத்திடவா?"

"எதுக்கு? அது இன்னா திருட்டா? அப்படியே இருக்கட்டும். பேர மாத்திட்ட இல்ல?"

"மாத்திட்டேன்."

"பொடவை கலர மாத்திடு. அது எங்கப்பா எனக்காக போட்டது. அப்புறம், அதுக்கு மேல நடந்தது எதுவும் வேணாம். நான் எங்க இருக்கேன், யாரோட இருக்கேன், எதுவும் வேணாம்."

"சரி. சத்திய..."

"சத்தியம்லாம் பண்ணாதே."

கார்டில் இன்னும் இரண்டு நிமிஷம் இருக்கிறது என்று ஒரு பெண் குரல் ஆங்கிலத்தில் சொன்னது. மன்னித்துவிட்டாயா என்று கேட்க வாய் வரைக்கும் வந்தது. கேட்கவில்லை. கேட்டால் அவள் ஏதாவது ஒரு பதில் சொல்லியாக வேண்டும்.

"நல்லா இருக்கியா?" என்றாள் அவள். ஊரில் பார்க்கும்போதெல்லாம் கேட்பாளே, அதே குரலில்.

"இருக்கேன்."

வைத்துவிட்டாள்.

அதனால், மேலே நான் எழுதியிருக்கும் அரக்கும் கிளிப்பச்சையும் அந்தப் புடவையின் நிறம் அல்ல. அவள் சொன்னபடி மாற்றிவிட்டேன். உண்மையான நிறத்தை நினைவில் வைத்திருப்பது நான்கு பேர்: நெய்த இருவர், அவள் அம்மா, நான். இன்னும் ஒருவர் அதைக் கட்டிக்கொண்டு எங்கேயோ இருக்கிறார், எதுவும் தெரியாமல். என்றைக்காவது ஏதாவது ஒரு கல்யாணத்தில் அவர் என் பக்கத்து நாற்காலியில் வந்து உட்காரக்கூடும். நான் கரையைப் பார்ப்பேன். புடவை எப்படி இருக்கிறது என்று கேட்டால், நல்லா இருக்குது என்பேன். அதற்கு மேல் ஒரு வார்த்தையும் சொல்லமாட்டேன்.